டாஸில் நெட்பயாஸ் நிரலாக்கம்

நெட்பயாஸ் என்பது ஓர் உள்ளக வலையமைப்பில் இணைந்துள்ள தனியாள் கணினிகளில் இயங்கும் நிரல்கள் தமக்குள் தரவு பரிமாறிக்கொள்ள உதவும் நிரலாக்க இடைமுகம் ஆகும். ஐபிஎம் நிறுவனத்தின் பிசி நெட்வொர்க் என்னும் வலையமைப்புடன் 1984 ஆம் ஆண்டில் இது அறிமுகமானது. டாஸ் இயங்குதளத்தில் இயங்கும் நிரல்கள் குறுக்கீடு 5சி வழியாக இதன் சேவைகளைப் பெற்றன. டாஸ் ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டுமே இயக்கக்கூடியது. வலையமைப்பிலிருந்து செய்தியோ எந்த நேரத்திலும் வரலாம். இவ்விரண்டையும் பொருத்துவதே டாஸில் நெட்பயாஸ் நிரலாக்கத்தின் முதன்மைச் சிக்கலாக இருந்தது.

இக்கட்டுரையில் குறுக்கீட்டு எண்கள், கட்டளை எண்கள், திரும்பு குறிகள் ஆகியன பதினறும எண்முறையில் தரப்பட்டுள்ளன. அம்முறையில் 10 முதல் 15 வரையான மதிப்புகள் ஏ, பி, சி, டி, இ, எஃப் என எழுதப்படும். எனவே 5சி என்பது பதின்ம முறையில் 92 ஆகும்.

வரலாறு

பிசி நெட்வொர்க்கின் வலையமைப்பு அட்டையை ஐபிஎம்முக்காக வடிவமைத்தது சைடெக் என்னும் நிறுவனம். கம்பிவழித் தொலைக்காட்சிக்குப் பயன்படுவதைப் போன்ற வடத்தில் நொடிக்கு 20 இலட்சம் பிட் வேகத்தில் இது இயங்கியது. அட்டைக்கெனத் தனிச் செயலி இருந்தது. நெட்பயாஸ் நிரல் முழுவதும் அட்டையிலிருந்த அழியா நினைவகத்திலேயே பதிக்கப்பட்டிருந்தது. கணினியின் அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமையான பயாஸ் தாய்ப்பலகையில் பதிக்கப்பட்டிருந்ததை ஒத்த ஏற்பாடு இது. நெட்பயாஸ் என்னும் பெயரும் அவ்வாறே வந்தது.

வலையமைப்பை ஆதரிக்கும் முதல் டாஸ் பதிப்பு 1985 இல் வெளிவந்த டாஸ் 3.1 ஆகும். அதே ஆண்டில் ஐபிஎம் டோக்கன் ரிங் வலையமைப்பை வெளியிட்டது. அதன் அட்டையில் நெட்பயாஸ் பதிக்கப்படவில்லை. நெட்பியூஐ என்னும் மென்பொருள் அதன் இடத்தை நிரப்பியது. பின்னர் நோவெல் நிறுவனமும் தனது ஐபிஎக்ஸ் நெறிமுறையின் மேல் இயங்கும் நெட்பயாஸ் மென்பொருளை வழங்கியது. வடமும் அட்டையும் நெறிமுறையும் மாறியபோதும் குறுக்கீடு 5சி மாறாதிருந்ததால், பழைய நிரல்கள் பெரும்பாலும் திருத்தமின்றி இயங்கின. நெட்பயாஸின் பெருவெற்றி இதுவே எனலாம்.

கட்டுப்பாட்டுத் தொகுதி

நெட்பயாஸ் சேவை ஒன்றைக் கோரும் நிரல் முதலில் 64 பைட் நீளமுள்ள வலையமைப்புக் கட்டுப்பாட்டுத் தொகுதி ஒன்றை நினைவகத்தில் நிரப்ப வேண்டும். பின் அதன் முகவரியை இஎஸ், பிஎக்ஸ் பதிவகங்களில் இட்டுக் குறுக்கீடு 5சி-ஐ அழைக்க வேண்டும். அழைப்பு முறை இவ்வளவே. எல்லாக் கட்டளைகளுக்கும் தொகுதி ஒன்றே.

தொகுதியின் முதல் பைட் கட்டளை, இரண்டாவது திரும்பு குறி. அடுத்து அமர்வு எண்ணும் பெயர் எண்ணும் ஒவ்வொரு பைட். தரவு இடையகத்தின் முகவரி 4 பைட், அதன் நீளம் 2 பைட். பின் அழைக்கப்படுபவர் பெயரும் சொந்தப் பெயரும் 16 பைட் வீதம். பெறுவதற்கும் அனுப்புவதற்குமான கால வரம்புகள் ஒவ்வொரு பைட். இவை அரைநொடி அலகில் கணக்கிடப்படும். அதன்பின் அறிவிப்புத் துணைநிரலின் முகவரி 4 பைட், அட்டை எண் 1 பைட், நிறைவுக் குறி 1 பைட். எஞ்சிய 14 பைட் நெட்பயாஸின் சொந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை.

தொகுதியைப் பயன்படுத்துமுன் முழுவதையும் சுழியாக்குவது வழக்கம். முந்தைய மதிப்புகள் கால வரம்புப் புலங்களில் எஞ்சியிருந்தால் அமர்வுகள் காரணம் புலப்படாமல் அறுபடும்.

கணினியில் நெட்பயாஸ் உள்ளதா என்பதை அறியாமல் குறுக்கீடு 5சி-ஐ அழைப்பதும் தீங்கானது. அக்குறுக்கீட்டுக்கான முகவரி சுழியாக இருந்தால் கணினி உறைந்துவிடும். ஆகவே நிரல்கள் முதலில் டாஸிடம் அம்முகவரியைக் கேட்டறிந்தன. பின்னர் 7எஃப் என்னும் செல்லாத கட்டளையை வேண்டுமென்றே அனுப்பின. 'கட்டளை தவறு' என்னும் பொருள்படும் 03 திரும்பி வந்தால் நெட்பயாஸ் உள்ளது என்பது உறுதி.

பெயர்கள்

நெட்பயாஸில் ஒரு நிரல் மற்றொன்றை எண் முகவரியால் அன்றிப் பெயராலேயே அழைக்கும். பெயர் சரியாக 16 பைட் நீளமுடையது. குறுகிய பெயர்களை வெற்றிடங்களால் நிரப்ப வேண்டும்; பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்படும். ஒருவர் வெற்றிடத்தாலும் மற்றொருவர் சுழியாலும் நிரப்பினால், திரையில் ஒன்றுபோலத் தோன்றும் இரு பெயர்கள் ஒன்றையொன்று காணமாட்டா. பிற்காலத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பதினாறாவது பைட்டைச் சேவையின் வகையைக் குறிக்கப் பயன்படுத்தியது. கோப்பு வழங்கிக்கு உரிய குறி 20.

பெயரைப் பதிவு செய்யும் கட்டளை 30. இக்கட்டளை கிடைத்ததும் அட்டை 'இப்பெயர் எவரிடமாவது உள்ளதா' என வலையமைப்பு முழுவதும் பலமுறை கேட்கும். சில நொடிகள்வரை எவரும் மறுக்காவிடில் பெயர் பதிவாகும். வேறொரு கணினி மறுத்தால் 16 என்னும் திரும்பு குறி கிடைக்கும். பெயர்ப் பட்டியலைப் பேணும் நடுவண் கணினி எதுவும் தேவையில்லை என்பது இம்முறையின் அழகு. ஒரு குழுவினர் பொதுவாகப் பயன்படுத்தும் குழுப் பெயரைப் பதிய 36 என்னும் கட்டளை உண்டு.

இம்முறையில் பாதுகாப்பு அறவே இல்லை. வழங்கி அணைக்கப்பட்டிருக்கும் வேளையில் அதன் பெயரை வேறெந்தக் கணினியும் எடுத்துக்கொள்ளலாம். கடவுச்சொல் தேவையெனில் அதனை நிரலரே தமது நெறிமுறையில் சேர்க்க வேண்டியிருந்தது.

அமர்வும் டேட்டாகிராமும்

இரு பெயர்களுக்கிடையே உறுதியான தொடர்பு தேவைப்படும்போது அமர்வு ஏற்படுத்தப்படும். வழங்கி நிரல் காத்திருக்கும் கட்டளையையும் (11) பயனர் பக்க நிரல் அழைக்கும் கட்டளையையும் (10) இடும். இணைந்ததும் இருபுறமும் அமர்வு எண் கிடைக்கும். அனுப்புவதற்கு 14, பெறுவதற்கு 15, துண்டிப்பதற்கு 12.

காத்திருக்கும் கட்டளை ஓர் அழைப்புடன் தீர்ந்துவிடும். அடுத்த கட்டளையை இடுமுன் வேறொருவர் அழைத்தால் அவருக்கு மறுப்பைக் குறிக்கும் 12 என்னும் திரும்பு குறியே கிடைக்கும். அதனால் பலருக்குச் சேவை வழங்கும் நிரல்கள் ஒரே பெயரில் பல காத்திருப்புக் கட்டளைகளை முன்கூட்டியே இட்டுவைத்தன.

டிசிபி நெறிமுறையைப் போலன்றி நெட்பயாஸ் செய்திகளின் எல்லையைக் காக்கும். 65,535 பைட் வரையான ஒரு செய்தி மறுபுறம் ஒரே செய்தியாகவே சேரும். பெறுபவரின் இடையகம் சிறியதாயின் 06 என்னும் குறி வரும். எஞ்சியதை அடுத்த கட்டளையில் பெறலாம். பெறுவதற்கான கால வரம்பு கடந்தால் அமர்வு நிலைத்திருக்கும். ஆனால் அனுப்புவதற்கான கால வரம்பு கடந்தால் அமர்வே முறிந்துவிடும். மெதுவான அச்சுப்பொறிக்காகக் காத்திருக்கும் வழங்கியுடன் பேசும் நிரல்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டியிருந்தது.

டேட்டாகிராம் என்பது அமர்வின்றி அனுப்பப்படும் சிறு செய்தி. வழக்கமான உச்ச அளவு 512 பைட். செய்தி வந்து சேரும் கணத்தில் பெறும் கட்டளை ஒன்று காத்திராவிட்டால் அது தொலைந்துவிடும். அனுப்பியவருக்கு அது தெரியவும் வராது.

காத்திருத்தலும் காத்திராமையும்

பெரும்பாலான கட்டளைகளை இரு முறைகளில் இடலாம். முதல் முறையில், வேலை முடியும்வரை நெட்பயாஸ் நிரலுக்குத் திரும்பாது. இது எழுத எளிது. ஆயினும் எவரும் அழைக்காத காத்திருப்புக் கட்டளையை இம்முறையில் இட்டால், டாஸில் வேறு பணி எதுவும் ஓடாததால் பயனருக்குக் கணினியை மீளத் துவக்குவதைத் தவிர வழியில்லை.

இரண்டாம் முறையில் கட்டளை எண்ணின் உயர் பிட் 1 ஆக்கப்படும். 11 என்பது 91 ஆகும். கட்டளையை ஏற்றுக்கொண்ட நெட்பயாஸ் உடனே திரும்பிவிடும். வேலை முடியும்வரை நிறைவுக் குறியில் எஃப்எஃப் என்னும் மதிப்பு இருக்கும். நிரல் விசைப்பலகையையும் இக்குறியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வழி. நயமற்றதாயினும் பிழை குறைந்த வழி இதுவே.

மற்றொரு வழி, வேலை முடிந்ததும் நெட்பயாஸ் தானே அழைக்க வேண்டிய அறிவிப்புத் துணைநிரலின் முகவரியைத் தொகுதியில் தருவது. இத்துணைநிரல் மற்றக் குறுக்கீடுகள் தடுக்கப்பட்ட நிலையில் அழைக்கப்படும். விரைந்து முடிந்து, தான் மாற்றிய பதிவகங்களை மீட்டுத் திரும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது டாஸின் சேவைகளை நேரடியாக அழைக்கக் கூடாது. டாஸ் மீள்நுழைவுக்கு ஏற்றதன்று. முதன்மை நிரல் கோப்பை எழுதிக்கொண்டிருக்கையில் செய்தி வந்து, துணைநிரலும் ஒரு கோப்பை எழுத முயன்றால், டாஸின் உள் அடுக்கம் சிதையும். வட்டிலுள்ள தரவும் அழியக்கூடும். இப்பிழை சோதனையில் பெரும்பாலும் தலைகாட்டாது. செய்தி குறிப்பிட்ட ஒரு கணத்தில் வந்தால் மட்டுமே நிகழும் என்பதால், அலுவலகத்தில் பலர் ஒரே நேரத்தில் பணிபுரியும் நாளிலேயே வெளிப்படும்.

இதனைத் தவிர்க்க, துணைநிரல் ஒரு கொடியை மட்டும் உயர்த்திவிட்டுத் திரும்பும். உண்மையான வேலையை முதன்மை நிரல் பின்னர்ச் செய்யும். நினைவகத்தில் தங்கியிருக்கும் நிரல்களுக்கு இவ்வசதி இல்லை. அவை டாஸ் ஏதேனும் வேலையில் உள்ளதா என்பதைக் காட்டும் உட்கொடியையும், டாஸ் ஓய்வாக இருக்கையில் எழுப்பும் குறுக்கீடு 28-ஐயும் நாடின. இவ்விரண்டும் மைக்ரோசாஃப்டின் கையேடுகளில் நெடுங்காலம் விவரிக்கப்படவில்லை. நிரலர்கள் டாஸைப் பிரித்துப் பார்த்தே கண்டறிந்தனர்.

முடிவடையாக் கட்டளைகள்

மேலும் ஓர் இடர் நிரல் முடியும்போது எழும். காத்திராத கட்டளையின் தொகுதியும் இடையகமும் நிரலுக்குச் சொந்தமான நினைவகத்தில் உள்ளன. அக்கட்டளை நிறைவேறாமல் நிற்கும்போது நிரல் முடிந்தால், டாஸ் அந்நினைவகத்தை அடுத்த நிரலுக்குத் தந்துவிடும். நெட்பயாஸுக்கு அது தெரியாது. சிறிது நேரம் கழித்து ஓர் அழைப்பு வந்ததும், பழைய முகவரியில் தன் விடையை எழுதும். அவ்விடத்தில் இப்போது சொற்செயலி ஒன்று இயங்கிக்கொண்டிருக்கலாம். சி மொழியில் தொகுதியைச் செயற்கூறின் உள்மாறியாக அறிவித்துவிட்டு, கட்டளை முடியுமுன் அச்செயற்கூறிலிருந்து திரும்புவதும் இதே விளைவைத் தரும்.

ஆகவே ஒவ்வொரு நிலுவைக் கட்டளையையும் நீக்கும் கட்டளையால் (35) நீக்கி, அமர்வுகளைத் துண்டித்து, பெயர்களையும் அழித்த பின்னரே நிரல் வெளியேற வேண்டும். பயனர் இடையில் நிரலை நிறுத்தும் விசைகளை அழுத்துவதையும் (குறுக்கீடு 23) இதற்காகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மீளமைக்கும் கட்டளை (32) எல்லாவற்றையும் ஒரே அடியில் துடைத்துவிடும். ஆனால் அதே அட்டையைப் பயன்படுத்தும் கோப்புப் பகிர்வு மென்பொருளின் அமர்வுகளையும் அது அறுத்துவிடும் என்பதால் இது குறுக்குவழியாகாது.

கோப்புப் பகிர்வுச் சேவைகள்

எல்லா நிரல்களும் நெட்பயாஸை நேரடியாக அழைக்கவில்லை. டாஸ் 3.1 இன் திசைமாற்றி, தொலைவிலுள்ள வட்டை உள்ளூர் வட்டுப்போலக் காட்டியது. அது அனுப்பிய செய்திகளின் வடிவமே எஸ்எம்பி நெறிமுறை. இதனை ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கினார். கணக்கு, இருப்பு முதலியவற்றுக்கான நிரல்களுக்கு இச்சேவையே போதுமாயிருந்தது.

இங்கு எழும் சிக்கல் வேறு. இருப்பில் 10 பொருள்கள் உள்ளன எனக் கொள்க. ஒருவர் 3, மற்றொருவர் 4 என விற்கின்றனர். இருவரும் 10 என்பதைப் படித்தபின் கழித்து எழுதினால், 3 இருக்க வேண்டிய இடத்தில் 7 அல்லது 6 இருக்கும். டாஸ் 3.0 முதல், கோப்பைத் திறக்கும்போதே மற்றவருக்கு எதனை மறுப்பது எனக் கூறலாம். குறுக்கீடு 21 இன் 5சி என்னும் சேவை கோப்பின் ஒரு பகுதியை மட்டும் பூட்டும். (நெட்பயாஸ் குறுக்கீட்டின் எண்ணும் இதுவே; இரண்டுக்கும் தொடர்பில்லை.) எந்தத் தொடக்கத்தில் எவ்வளவு நீளம் பூட்டப்பட்டதோ சரியாக அதையே திறக்க வேண்டும், இரு அடுத்தடுத்த பூட்டுகளை ஒன்றாகத் திறக்க இயலாது. பூட்டு கிடைக்காவிடில் சிறிது காத்து மீண்டும் முயல்வதும், எத்தனை முறைக்குப்பின் பயனரிடம் தெரிவிப்பது என முடிவு செய்வதும் நிரலரின் பொறுப்பு.

பிற்காலம்

நெட்பயாஸ் பெயர்களில் வலையமைப்பின் எண் இல்லை. அதனால் நெட்பியூஐ நெறிமுறையில் செய்திகளை வழிச்செயலிகள் வழியாக வேறொரு வலையமைப்புக்கு அனுப்ப இயலவில்லை. 1987 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 1001, 1002 ஆகிய ஆவணங்கள் நெட்பயாஸை டிசிபி/ஐபி மீது இயக்கும் முறையை வரையறுத்தன. 137, 138, 139 ஆகிய துறை எண்கள் இதற்கு உரியவை.

வின்டோசின் 32-பிட் பதிப்புகளில் அதே கட்டுப்பாட்டுத் தொகுதியை ஏற்கும் செயற்கூறு ஒன்று இருந்தது. அங்குப் பல பணிகள் ஒருங்கே இயங்கியதால், காத்திருக்கும் கட்டளை கணினியை முடக்கவில்லை. அதனைத் தனி இழையில் இட்டால் போதும். வின்டோஸ் 2000 முதல் எஸ்எம்பி நெட்பயாஸின் துணையின்றித் துறை 445 வழியாக இயங்கத் தொடங்கியது. வின்டோஸ் விஸ்டா முதல் அச்செயற்கூறுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது.