உங்க ஆன்டிவைரஸ் நிஜமாவே வேலை செய்யுதா? வைரஸ் இல்லாமலே டெஸ்ட் பண்ணலாம்!

லேப்டாப்ல ஆன்டிவைரஸ் இருக்கு. ஓரத்துல பச்சை டிக் தெரியுது. ஆனா, நிஜமாவே வைரஸ் வந்தா அது பிடிக்குமா? இதைத் தெரிஞ்சுக்க உண்மையான வைரஸைத் தேடி டவுன்லோடு செய்றவங்களும் இருக்காங்க. அந்த விஷப்பரீட்சை வேண்டாம். பாதுகாப்பான வழி இருக்கு.

கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

விர்ச்சுவல் மெஷின் என்பது உங்க கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ் மூலம் இதை இலவசமாகவே உருவாக்கலாம். விண்டோஸ் 11-க்கு மட்டுமே குறைந்தது 4 ஜிபி ரேம் ஒதுக்க வேண்டும். அதனால் லேப்டாப்பில் 8 ஜிபியாவது இருக்கணும்; 16 இருந்தால் நிம்மதி.

இதன் பெரிய பலம் 'ஸ்னாப்ஷாட்'. மெஷின் இப்போது இருக்கும் நிலையை அப்படியே சேமித்து வைத்துவிடலாம். எதையாவது கெடுத்துட்டா, ஒரே கிளிக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

டெஸ்ட் செய்வது எப்படி?

1. விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸை நிறுவி, எல்லா அப்டேட்டும் போடுங்க.

2. ஷேர்டு ஃபோல்டர், ஷேர்டு கிளிப்போர்டு, டிராக் அண்ட் டிராப் மூன்றையும் ஆஃப் செய்யுங்க. உங்க சொந்த ஃபைல்களுக்குப் போகும் கதவுகள் இவைதான்.

3. ஆன்டிவைரஸ் நிறுவும் முன்பே ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்க. இரண்டு ஆன்டிவைரஸை ஒப்பிடணும்னா, இரண்டுமே ஒரே இடத்திலிருந்து ஓட்டத்தைத் தொடங்கணும். அதுதான் நியாயமான போட்டி.

4. ஆன்டிவைரஸை நிறுவி அப்டேட் செய்து, 'ஐகார்' டெஸ்ட் ஃபைலை அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து இறக்குங்க.

5. முடிவைக் குறித்துக்கொண்டு பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புங்க. அடுத்த ஆன்டிவைரஸுக்கும் இதே கதைதான்.

அது என்ன ஐகார்?

வெறும் 68 எழுத்துகள் கொண்ட, யாருக்கும் தீங்கு செய்யாத ஃபைல். 'இதைப் பார்த்தால் வைரஸ் மாதிரியே நடத்தணும்' என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட அடையாளம். வீட்டில் ஸ்மோக் அலாரத்தைச் சோதிக்க யாரும் தீ வைப்பதில்லை, பட்டனைத்தானே அழுத்துறோம்? ஐகார் அந்த பட்டன்.

ஆனா ஒண்ணு, ஐகாரைப் பிடித்துவிட்டதாலேயே அது சிறந்த ஆன்டிவைரஸ் ஆகிடாது. அது ஆன் ஆகியிருக்கு என்பது மட்டும்தான் உறுதி. வேறு ஆன்டிவைரஸ் போடாத விண்டோஸிலும் டிஃபெண்டர் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், எது பிடித்தது என்று பெயரையும் பாருங்க.

தரத்தை யார் சொல்வது?

அதற்கென்றே ஆய்வகங்கள் இருக்கு. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு ஆகிய மூன்றுக்கும் தலா 6 என மொத்தம் 18 மதிப்பெண் தருகிறது. நல்ல ஃபைலைத் தப்பாக வைரஸ் என்று சொன்னால் பயன்பாட்டில் மதிப்பெண் குறையும். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸும் தொடர்ந்து முடிவுகளை வெளியிடுகிறது. இரண்டையும் இலவசமாகப் படிக்கலாம்.

உண்மையான வைரஸ் ஏன் கூடாது?

சில வைரஸ்கள் விர்ச்சுவல் மெஷினில் இருப்பதை மோப்பம் பிடித்து, நல்ல பிள்ளை போல சும்மா இருந்துவிடும். டெஸ்ட் முடிவே தப்பாகிவிடும். சில, நெட்வொர்க் வழியே பரவும். 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை அப்படித்தான் மெஷின் விட்டு மெஷின் தாவியது. வீட்டு வைஃபையில் அது வெளியேறினால், அம்மாவின் கம்ப்யூட்டரும் அக்காவின் ஆபீஸ் லேப்டாப்பும் சேர்ந்தே மாட்டும். விர்ச்சுவல் மெஷினின் சுவரும் உடையாத சுவர் இல்லை. 2015-ல் வெளியான 'வெனம்' குறைபாடு, உள்ளிருந்து வெளியே தப்பிக்கும் வழி இருந்ததைக் காட்டியது.

அதனால் வீட்டில் ஐகாரோடு நிறுத்திக்கோங்க. மிச்சத்தை ஆய்வகங்கள் பார்த்துக்கொள்ளட்டும். இந்த வார இறுதியில் ஒருமுறை டெஸ்ட் பண்ணிப் பாருங்க. அந்தப் பச்சை டிக்கை நம்பலாமா, வேண்டாமானு தெரிஞ்சிடும்!