தபால் உறையில் வந்த சட்டம்

இணையவழியில் முதுநிலைச் சட்டம் படிப்பதைக் கொரோனா காலம் கொண்டுவந்த புதுப்பழக்கமாகவே பலரும் பேசுகிறார்கள். ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் வைத்துப் பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது. வேலையை விடாமல் வணிகச் சட்டம் படிக்க வேண்டிய தேவை இங்கே தபால் காலத்திலேயே உருவாகிவிட்டது. அந்தத் தேவையை உண்டாக்கியது நீதிமன்றம் அல்ல, தொழிற்சாலையும் எல்லையும்தான். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். சென்னையோ 300 கிலோமீட்டருக்கும் மேல். சரக்கும் ஆளும் பணமும் அத்திப்பள்ளி வழியாகப் போய்வருகின்றன. வழக்கு என்று வந்தால் மாவட்ட நீதிமன்றம் கிருஷ்ணகிரியில், மேல்முறையீடு சென்னையில். ‘பெங்களூரு நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தால், ஓசூர்க்காரர் தன் பாக்கிப் பணத்துக்கு எந்த ஊர்ப் படியேற வேண்டும் என்பதே கேள்வியாகிவிடும். இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1989-இல் விடை சொன்ன ஏ.பி.சி. லேமினார்ட் வழக்கு சேலத்திலிருந்து போனது என்பதைக் கவனிக்கலாம் (1965 வரை ஓசூரும் சேலம் மாவட்டம்தான்). குஜராத்தின் கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது என்று ஒப்பந்தம் சொன்னது. ஆனால் ‘மட்டும்’ என்பது போன்ற சொல் இல்லாததால் சேலத்தில் வழக்குத் தொடுத்தது செல்லும் என்று தீர்ப்பாயிற்று. 2013-இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் ‘மட்டும்’ என்ற சொல் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட ஊருக்கே உரிமை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் பர்ச்சேஸ் ஆர்டர்களில் கையெழுத்திட்டவர்கள் வக்கீல்கள் அல்லர், கணக்குப் பிரிவிலும் கொள்முதல் பிரிவிலும் வேலை பார்த்தவர்கள்.

அப்படிப்பட்டவர்கள் இங்கே திரளத் தொடங்கியது 1970-களில். 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட், அன்று தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. 1980-இல் டி.வி.எஸ். மொபெட் இங்கிருந்து ஓடத் தொடங்கியது. அசோக் லேலண்ட் ஆலையும் அந்த ஆண்டுதான். டிட்கோவும் டாட்டாவும் 1984-இல் சேர்ந்து உண்டாக்கிய டைட்டன் நிறுவனம் தன் கைக்கடிகார ஆலைக்கு ஓசூரைத் தேர்ந்தெடுத்தது. இவ்வளவு பெரிய ஆலை எழுந்தால் சட்டமும் கூடவே வாசலில் வந்து நிற்கும். 500 தொழிலாளருக்குக் குறையாத ஆலையில் நல அலுவலர் இருந்தாக வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு. அவருக்கு என்ன படிப்பு வேண்டும் என்பதை மாநில அரசு விதித்தது. ஆக, இந்த வட்டாரத்தில் சட்டப் படிப்பு முதலில் வேலைக்கான தகுதியாகவே நுழைந்தது. மாவட்டத்துக்குப் பக்கத்தில் அரசு சட்டக் கல்லூரி என்று தருமபுரியில் ஒன்று வந்ததே 2017-இல்தான். அதுவரை கைகொடுத்தது தபால். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. லேபர் லா டிப்ளமாவும் பி.ஜி.எல். என்ற பொதுச் சட்டப் பட்டமும் உறையில் வந்தன. பி.ஜி.எல். படித்தவர் கறுப்பு அங்கி போட முடியாது என்று கேலி பேசியவர்கள் உண்டு. அங்கி போட நினைக்காதவரிடம் அந்தக் கேலி எடுபடுமா?

எல்லை இன்னொரு பாடத்தையும் கற்றுத்தந்தது. ஜி.எஸ்.டி. வந்த 2017 வரை ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டும் ஒவ்வொரு லாரியும் மத்திய விற்பனை வரிச் சட்டத்தின் சாட்சி. வரிச் சலுகைக்கான சி-படிவம் வாங்கத் தவறிய சிறு பட்டறைக்காரர் வரி வித்தியாசத்தைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. பெரிய ஆலைகளுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுத்த பட்டறைகளுக்குச் செல்லாத காசோலையும் தாமதப் பணமும் தீராத தலைவலி. 1989-இல் நடைமுறைக்கு வந்த, காசோலை பற்றிய மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற 2006-ஆம் ஆண்டுச் சிறு, குறுந்தொழில் சட்டமும் இங்கே அன்றாடப் பேச்சில் புழங்கும் சொற்களாயின. இவற்றை முறையாகப் படிக்க விரும்பியவர்களுக்குப் பெங்களூரு நாகர்பாவியில் உள்ள தேசிய சட்டப் பள்ளி, எந்தப் பட்டதாரியும் சேரக்கூடிய எம்.பி.எல். என்ற வணிகச் சட்ட முதுநிலைப் படிப்பைத் தொலைநிலையில் நடத்தியது. பில்லின் அடியில் வழக்குக்கு இழுத்த ஊரே, வழக்கைப் புரிந்துகொள்ளவும் கற்றுக்கொடுத்தது!

தொழில்நுட்பச் சட்டம் தனிப் பாடமாக முளைத்தது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்குப் பிறகு. சைபர் சட்டம் என்றால் திருட்டுத்தனமாகக் கணினிக்குள் நுழைவது பற்றியது என்றே பலர் எண்ணினார்கள். ஆலைகளுக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு: மின்னஞ்சலில் ‘சரி, அனுப்புங்கள்’ என்று சொன்னால் அது ஒப்பந்தமா? 2010-இல் டிரைமெக்ஸ் – வேதாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆம் என்றது. 2009-இல் அமலான திருத்தத்தின் 10-ஏ பிரிவும் அதையே சொல்கிறது. 2014-இல் வந்த இன்னொரு தீர்ப்பு, உரிய சான்றிதழ் இல்லாத மின்னணு ஆவணத்தின் நகல் சாட்சியாகாது என்றது. தன் சர்வரில் இருக்கும் பதிவை நீதிமன்றத்தில் காட்டவும் ஆலையில் ஒருவருக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்றாயிற்று. தபால் பாடம் இணையத்துக்கு மாறியதைவிட இந்த மாற்றம் பெரியது.

வேலையை விடாமல் தொலைவிலிருந்து சட்டம் படிப்பதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. ஒன்று இந்திய வழக்கறிஞர் கழகத்தின் மறுப்பு. தன் முன் அனுமதி இல்லாத இணையவழி, தொலைநிலை எல்.எல்.எம். படிப்புகள் செல்லாது, ‘எக்ஸிக்யூட்டிவ்’, ‘ப்ரொபஷனல்’ என்று அடைமொழி சேர்த்தாலும் செல்லாது என்று அது 2025-இல் எச்சரித்தது. அதில் நியாயம் இருக்கிறது. எல்.எல்.எம். என்பது சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துவதற்கான தகுதி. அந்தப் பெயரை இரவல் வாங்கி விற்பது ஏமாற்று வேலைதான். ஆனால் அந்த நியாயம் பெயருக்குத்தான் பொருந்தும், படிப்புக்கு அல்ல. வணிகச் சட்டப் பட்டயமோ எம்.பி.எல். பட்டமோ அந்தப் பெயரைக் கோரவில்லை. வகுப்புக்கே போய்ப் படிக்கலாமே என்பவர்களுக்குக் கழகத்தின் 2008 விதிகளே பதில் சொல்கின்றன: எல்.எல்.பி. வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் நடக்கலாம். ஜெனரல் ஷிப்டில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் கல்லூரி ஏது?

இரண்டாவது மறுப்பு கனமானது. பார்த்து எழுதிய அசைன்மென்டும் மனப்பாடத் தேர்வும் சட்ட அறிவாகுமா? ஆகாது, தபால் காலத்திலும் ஆகவில்லை. தரக் குறைவு உண்மைதான், ஆனால் அதை வைத்துத் தேவை இல்லை என்று முடிவுகட்ட முடியாது. தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு, நல அலுவலர் வேண்டும் என்ற வரம்பை 500-லிருந்து 250 தொழிலாளராகக் குறைத்திருக்கிறது. 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேலை தேடி வருபவர் கொடுக்கும் தகவலையும் தன் கைக்குள் கொண்டுவந்து, மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. போச்சம்பள்ளியின் மின்சார ஸ்கூட்டர் ஆலையிலும் ஓசூரை ஒட்டிய கைபேசி உதிரிப்பாக ஆலையிலும் ஆள் சேர்க்கும் பிரிவில் இருப்பவர்கள் இரண்டு சட்டங்களையும் ஒருசேரப் படித்தாக வேண்டும், அதுவும் ஷிப்டு முடிந்த பிறகு.