திருச்சி அறிக்கையின் கடைசி வரிகள்

சின்ன மருதுவின் பெயரால் 1801 ஜூன் 16 அன்று வெளியாகி, திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட அறிக்கையை ஆராய்ந்தவர்களில் ஒரு சாரார் அதன் விளியைத் தாண்டி வந்ததாகத் தெரியவில்லை. ஜம்புத் தீவில் வாழும் எல்லா வருணத்தாரையும் முசல்மான்களையும் அது அழைக்கிறது. ஆகவே இந்திய தேசம் என்ற எண்ணம் அங்கே முளைவிட்டுவிட்டது என்கிறார்கள். இந்த வாதம் நிற்கும் தூண் வலுவில்லாதது. ஜம்புத் தீவு சங்கல்பத்தில் நாள்தோறும் சொல்லப்படும் பெயர். அதை உச்சரித்தவரெல்லாம் தேசியவாதி என்றால், திவசம் செய்து வைக்க வரும் புரோகிதரையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் வாதாடுவதெல்லாம் கிழக்கிந்தியக் கும்பெனியின் ஆவணங்களில் உள்ள ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துத்தான். இன்று மேடைகளில் வாசிக்கப்படும் தமிழ், அதிலிருந்து திரும்பப் பெயர்த்தது. அந்த ஆங்கிலத்தில் சாதிகளை அடுத்து வரும் 'தேசங்கள்' என்ற பொருளுடைய சொல்லை அக்கால வெள்ளையர் குலம், இனம் எல்லாவற்றுக்கும் தாராளமாக வழங்கினார்கள். ஒற்றைச் சொல்லின் தலையில் ஒரு கோட்பாட்டை ஏற்றுவது நியாயமாகாது.

மொழிபெயர்ப்பிலும் சிதையாமல் தப்பியிருப்பது அறிக்கையின் முடிவு. இதற்கு இணங்காதவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான். இணங்காத முசல்மான் பன்றி இரத்தம் குடித்தவனுக்கு ஒப்பாவான். சுவரிலிருந்து தாளைக் கிழிப்பவன் பஞ்சமா பாதகம் செய்தவன். கல்வெட்டுப் பயிற்சி உள்ளவர்களுக்கு இது ஓம்படைக்கிளவி என்பதை விளக்க வேண்டியதில்லை. பிற்காலச் சாசனங்களில் இந்துவுக்குப் பசுவும் துலுக்கருக்குப் பன்றியுமாக இரட்டை ஓம்படை வருவதும் புதிதன்று. கொடுத்த நிலத்தையோ கட்டிய தருமத்தையோ பின்வருவோர் அழிக்காமல் காப்பதற்காக எழுதப்படும் வாசகம் அது. இங்கே தானமாக நிலம் இல்லை, எல்லை குறிக்கப்படவில்லை, வெட்டிய கல்கூட இல்லை. இருப்பது ஒரு தாள் மட்டும். வெள்ளையரை எதிர்ப்பதையே காக்க வேண்டிய தருமமாக வைத்து, அதற்குச் சாசனத்தின் காப்பைப் பூட்டியிருக்கிறார் எழுதியவர். சாசன ஓம்படை முதன்மையாக வருங்கால அரசரையும் அதிகாரியையும் நோக்கிப் பேசும். இந்த ஓம்படையோ படித்தவன் எவனையும் கட்டுகிறது. படித்ததைப் படியெடுத்துப் பரப்பு என்கிறது. கும்பெனிப் பட்டாளத்தின் சுபேதார், அவில்தார், நாயக், சிப்பாய் ஆகியோரை அவரவர் பதவிப் பெயராலேயே கூப்பிடுகிறது. பாளையக்காரர் வழியாகக் குடிகளுக்குக் கட்டளை இறங்கும் பழைய ஏணி இங்கே இல்லை. அறிக்கையின் புதுமை ஜம்புத் தீவில் அன்று, இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

இது வெறும் மரபுத் தொடர், அதில் கருத்தைத் தேடலாமா என்று கேட்கலாம். மரபுத் தொடரை எங்கே பொருத்துகிறோம் என்பதில்தான் கருத்து இருக்கிறது. கிரயப் பத்திரத்தின் வாசகத்தைக் காதல் கடிதத்தில் எழுதினால் அது மரபு என்று விட்டுவிடுவோமா? மொழிபெயர்ப்பாளர் தாமாகச் சேர்த்திருப்பார் என்ற ஐயத்துக்கு நெடிய பதில் தேவையில்லை: கும்பெனி மொழிபெயர்ப்பாளருக்குக் காராம்பசுவால் ஆகப்போவது ஒன்றுமில்லை. சற்றுக் கனமான மறுப்பு வேறொன்று. அவரவர் பழைய உரிமையை அவரவர் பெற வேண்டும், ஆற்காட்டு நவாபுக்கு அவர் நாடு திரும்ப வேண்டும் என்று அறிக்கை சொல்கிறது. ஆகவே இது பழைய ஆட்சியை மீட்கும் முயற்சி மட்டுமே என்பர். மீட்பு நோக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் பழையதை மீட்க யாரைத் துணைக்கு அழைத்தார்கள் என்பதை இந்த வாசிப்பு கணக்கில் எடுப்பதில்லை. பாளையங்களின் உரிமையை நிலைநாட்டப் பாளையக்காரர்களின் கூட்டணி போதும். கோயில் மதிலில் ஒட்டி, கண்டவரையெல்லாம் பிரதி எழுதச் சொல்ல வேண்டியதில்லை.

அழைப்பு எவ்வளவு தூரம் எட்டியது என்பதை இந்தத் தாளைக் கொண்டு அளக்க இயலாது. அதே ஆண்டு ஜூலை 31 உடன்படிக்கையால் நவாபின் கர்நாடக ஆட்சி கும்பெனி வசமானது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். 1806 வேலூர் எழுச்சிக்கும் இதற்கும் நேர்த்தொடர்பு கற்பிக்க நான் முனையவில்லை. பெயரைப் பற்றி மட்டும் ஒன்று: 'ஜம்புத் தீவுப் பிரகடனம்' என்ற வழக்கு ஆய்வாளரின் கண்ணை முதல் வரியிலேயே கட்டிப்போடுகிறது. ஒட்டிய சுவரை நினைவூட்டும் 'திருச்சி அறிக்கை' என்ற பெயரே ஆய்வுக்குப் பொருந்தும்.