கீழே செங்கல், மேலே பலகை: பினாங்கின் பழைய கடைவீடுகள்

பத்து காவானிலிருந்து இரண்டாவது பாலம் வழியாகத் தீவுக்குச் செல்வோர், ஜோர்ஜ்டவுன் பழைய நகர்ப்பகுதியில் கீழ்த்தளம் செங்கல்லாலும் மேல்மாடி பலகையாலும் அமைந்த கடைவீடுகளை இன்றும் காணலாம்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவிய பாணி இது. கீழே வியாபாரம், மேலே குடித்தனம். அத்தாப்புக் கூரை வீடுகள் தீக்கிரையானதால் செங்கல்லும் ஓடும் வழக்கத்துக்கு வந்தன. இருபக்கச் செங்கல் சுவர்கள் மர உத்திரங்களைத் தாங்குகின்றன. முன்புற அஞ்சடி வெயில், மழையிலிருந்து காக்கிறது. நடு முற்றம் வெளிச்சமும் காற்றும் தருகிறது.

சுவர்ப் பூச்சு சுண்ணாம்பு. தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியே உலர்ந்துவிடும். பழுதுபார்க்கும்போது சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்துச் சுவர் உதிரும்.

1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. அக்கட்டுப்பாடு 1999 முடிவில் நீங்கியதும் வாடகை உயர்ந்து, தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களும் சிறு வியாபாரிகளும் வெளியேறினர். 2008 ஜூலையில் மலாக்காவுடன் ஜோர்ஜ்டவுனும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அதற்குள் குடியிருந்தோர் பலர் போய்விட்டிருந்தனர்.