அம்பலமும் செயலியும்: மதுரை வட்டாரச் சபைகளைப் பற்றி ஒரு விசாரணை

பலர் கூடி ஆலோசித்து முடிவு காண்பதற்கென இணையவழிக் கருவிகள் பல உலகெங்கும் புழக்கத்துக்கு வந்துள்ள இக்காலத்தில், அவற்றைப் பற்றி எழுதுவோரிற் பெரும்பாலோர் தூரத்தையும் காலத்தையும் அவை சுருக்குவதையே பெரும் பயனாகப் பாராட்டுகின்றனர். மதுரை ஜில்லாவின் கிராம சபைகளை அறிந்தோர்க்கு இப்பாராட்டுச் சற்று வியப்பளிக்கும். ஏனெனில் அச்சபைகளுக்கு வருவோர் பெரும்பாலும் நடந்தே வந்துவிடுகிறார்கள். பேசுகிறவர் அச்சமின்றிப் பேசுவதற்கும், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் நழுவாமல் பதில் சொல்வதற்கும் வழி செய்வதே ஒரு சபைக் கருவியின் முதற் காரியம் என்பதும், இப்போது நம்மிடம் வழங்கப்படும் கருவிகள் இவ்விரண்டையும் தொடவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சபைக்கு விதி வகுக்கும் பழக்கம் பாண்டி நாட்டுக்குப் புதியதன்று. திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மானூரில் கி.பி. 800-ஐ ஒட்டிய, பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, சபையிற் கலந்துகொள்வதற்கு நிலவுரிமையும் கல்வியும் வேண்டும் என்று வரையறுத்ததோடு நில்லாமல், கொண்டுவரப்படும் காரியம் ஒவ்வொன்றுக்கும் ‘அன்று’ என்றே மறுத்து நிற்பவரும் அவருக்குத் துணை நிற்பவரும் ஐந்து காசு தண்டமிட வேண்டும் என்றும் விதிக்கிறது. குதர்க்கத்தை அடக்கக் கருதிய அம்மகாஜனங்கள் மறுப்புக்கே ஒரு விலை வைத்துவிட்டார்கள். ஐந்து காசு கொடுக்க மனமுள்ளவன் எத்தனை முறை வேண்டுமானாலும் மறுத்திருக்கலாம் போலும்! இதற்கு நேர்மாறாக, நியூசிலாந்தின் வெல்லிங்டனில் 2012-ஐ ஒட்டி உருவான லூமியோ என்ற கருவி, சம்மதம், மறுப்பு, விலகல் ஆகிய மூன்றோடு, தீர்மானத்தையே தடுக்கும் ஆட்சேபத்துக்கும் தனி இடம் அளித்தது. தைவானில் 2015-இல் ஊபர் வாடகைக் கார்களைக் குறித்து எழுந்த விவாதத்திற் பயன்பட்ட போலிஸ் என்ற கருவியோ, ஒருவர் கூற்றுக்கு மற்றவர் மறுமொழி எழுத இடமே வையாமல், கூற்று ஒவ்வொன்றையும் ஏற்கவோ மறுக்கவோ கடந்து செல்லவோ மட்டும் அனுமதித்து, ஒத்த அபிப்பிராயக்காரரைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்துக் காட்டியது. வாய்ச்சண்டைக்கு இடமில்லாமற் போனதால், எதிரெதிர்க் கூட்டத்தார் இருவருக்கும் பொதுவான கருத்துகள் தாமே மேலே வந்தன.

அச்சமின்றிப் பேசுதல் எவ்வளவு அரிது என்பதற்கு மதுரை ஜில்லாவிலேயே சான்று உண்டு. உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் நாட்டார்மங்கலமும், தலைவர் பதவி பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்ட காரணத்தால், 1996 முதல் 2006 வரை ஒழுங்கான ஊராட்சித் தேர்தலையே காணாதிருந்தன. அத்தகைய ஊரிற் சபை கூட்டி, எழுந்து நின்று தன் பெயரைச் சொல்லிக் குறை கூறு என்று ஒரு கூலித் தொழிலாளியைக் கேட்பது ஜனநாயகத்தின் பெயரால் இழைக்கும் கொடுமையாகவே முடியும். தமிழ்நாட்டுக் கிராம சபைகளின் பேச்சுப் பதிவுகளை ஆராய்ந்து ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகிய மூவர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, பெண்கள் பேசுவது குறைவு, பேசினாலும் அதிகாரிகளிடமிருந்து உரிய பதில் பெறுவது அதனினும் குறைவு என்று காட்டியது. பெண்ணே தலைவராக இருக்கும் ஊர்களில் அப்பதில் கிடைப்பது கூடியது என்பதும் அவர்கள் கண்டதே. இம்முடிவு மிகவும் சிந்திக்கத்தக்கது: பேசுவதற்கு வாய்ப்புக் கொடுத்த அளவில் கடமை தீர்ந்ததாகக் கொள்வோர், பேச்சுக்குக் கிடைத்த மறுமொழியை அளந்து பார்ப்பதே இல்லை.

இவ்வச்சத்தைப் போக்கக் குறை கூறுவோரின் பெயரை மறைக்கலாம் என்றால், அதனால் அவதூறு பெருகும் என்பார் உண்டு. அவ்வாட்சேபத்துக்கு அரிட்டாபட்டியே தக்க ஆதாரமாகவும் தோன்றும். அவ்வூர் அடங்கிய மேலூர் வட்டத்தில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட மத்திய அரசு ஏலம் விட்டபோது, அம்பலக்காரர் எனப்படும் ஊர்த்தலைவர் மரபு இன்னும் மங்காத அந்நாட்டு மக்கள் 2024 நவம்பர் 23 அன்று கிராம சபைகளிற் பகிரங்கமாகவே எதிர்ப்புத் தீர்மானம் இயற்றினர். டிசம்பர் 9-இல் சட்டசபையும் அவ்வாறே தீர்மானித்தது. 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்தாயிற்று. ஆயினும், ஊரே ஒருமுகமாக வெளியாரை எதிர்க்கும்போது பெயர் சொல்வது பலம். ஊருக்குள் ஒருவன் ஊரை எதிர்க்கும்போது அதுவே ஆபத்து. ஆகவே குறையை எழுப்பும் கட்டத்திற் பெயர் மறைவும், தீர்மானம் இயற்றும் கட்டத்தில் வெளிப்படையும் வேண்டும் என்று இரண்டையும் பிரித்துவிட்டால் இவ்வாட்சேபம் பெரும்பாலும் வலுவிழக்கும்.

இனி நம் கருவிகளைப் பார்ப்போம். மாநில அரசின் ‘நம்ம கிராம சபை’ செயலி கூட்டத்தின் நிகழ்வுகளை மேலிடத்துக்கு ஏற்றுகிறது. 2025 ஆகஸ்டில் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் வெளியிட்ட ‘சபாசார்’ ஒலி, ஒளிப் பதிவுகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவால் நடவடிக்கைக் குறிப்பைத் தயாரிக்கிறது. எழுத்தருக்கு வேலை குறையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் குடிநீர்க் குழாய் கேட்டவளுக்கு, அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அலுவலர் இன்னார், சொல்ல வேண்டிய தேதி இன்னது என்று காட்டுவதல்லவோ முக்கியம்? மதுரை உள்ளிட்ட பல மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோது, தேர்தலில் தோற்கடிக்கப்படுவோம் என்று அஞ்சிப் பதில் சொல்வதற்குக்கூட ஊரில் ஆள் இல்லாமற் போனது.

மதுரையிலுள்ள கல்லூரிகளின் அரசியல் விஞ்ஞானத் துறையினர், மேலூர் ஒன்றியம் ஒன்றையேனும் எடுத்துக்கொண்டு, ஐந்தாண்டுக் காலக் கிராம சபைத் தீர்மானங்களில் எத்தனைக்கு எழுத்து மூலம் பதில் வந்தது, எத்தனை நாளில் வந்தது, கேட்டவர் ஆணா பெண்ணா என்று கணக்கெடுத்து வெளியிட வேண்டும். புதிய செயலி ஒன்றைச் செய்ய முன்வருவோர், அக்கணக்கு கைக்கு வரும்வரை பொறுத்திருப்பது நலம்.