ஈறு விளிம்பில் வரைந்த எல்லை

தையல் இயந்திரங்களுக்கும் துப்பாக்கித் தோட்டாக்களுக்கும் பேர்பெற்றிருந்த பிரிட்ஜ்போர்ட் என்னும் அமெரிக்கத் தொழில் நகரத்தில், 1906-ஆம் ஆண்டு, ஆல்பிரட் போன்ஸ் என்ற பல்வைத்தியர், தமக்கு உறவினரும் உதவியாளருமான ஐரீன் நியூமன் என்ற பெண்மணிக்கு, பல்லில் படிந்து கல்லாய் இறுகிய காரையைச் சுரண்டி எடுத்து மெருகேற்றும் வித்தையைக் கற்பித்தார். வைத்தியசாலையின் அன்றாட அலுவல்களில் ஒன்று ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறியது என்பதற்கு மேல் அப்போது அதில் எவரும் விசேஷம் கண்டிருக்கமாட்டார்கள். ஆயினும் டென்டல் ஹைஜீனிஸ்ட் என்று இன்று உலகெங்கும் வழங்கும் உத்தியோகத்தின் ஜாதகம் அங்கிருந்துதான் கணிக்கப்படுகிறது.

அதற்கு முன் பல்வைத்தியம் என்றால் வலி வந்தபின் பிடுங்குவதும், குழி விழுந்தபின் அடைப்பதுமே பிரதானம். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் மாவுப் பண்டங்களையும் சர்க்கரையையும் அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன என்பதை பெர்லின் நகரிலிருந்து மில்லர் என்ற விஞ்ஞானி 1890-இல் நூலாக எழுதி வெளியிட்டதும், குறிப்பிட்ட கால இடைவெளியில் பற்களைச் சுத்தம் செய்துவந்தாலே வியாதி பெரும்பாலும் அணுகாது என்று பிலடெல்பியாவின் பல்வைத்தியர் டி. டி. ஸ்மித் வாதித்ததும் போன்ஸின் சிந்தனைக்கு வித்திட்டன. ஆனால் அந்தக் கிரமத்தை ஊர் முழுவதற்கும் செய்வதற்குப் பல்வைத்தியர்களுக்கு நேரம் ஏது? பெரும்பாலோர் அதைத் தம் கௌரவத்துக்கு ஏற்ற வேலையாகவும் கருதவில்லை என்பது என் அபிப்பிராயம்.

1907-இல், பிரிட்ஜ்போர்ட் அடங்கிய கனெக்டிகட் மாகாணத்தின் சட்டசபை, பயிற்சியற்றவர்கள் பல்வைத்தியத்தில் கைவைக்கலாகாது என்று தடைவிதித்த அதே திருத்தத்தில், பல்லைச் சுத்தம் செய்வதை மட்டும் உதவியாளரிடம் ஒப்படைக்கலாம் என்று ஒரு சிறு வாயிலையும் திறந்துவைத்தது. அவ்வாயில் வழியே 1913 நவம்பரில் போன்ஸ் தம் வீட்டு வண்டிக்கொட்டகையில் ஒரு பள்ளியையே நிறுவினார். பள்ளி ஆசிரியைகளும், தாதிகளும், பல்வைத்தியர்களின் மனைவிமாரும் உள்ளிட்ட 34 பெண்கள் சேர்ந்தார்கள். பெரிய சர்வகலாசாலைகளின் பேராசிரியர்கள் அக்கொட்டகைக்கே வந்து உடற்கூறும், கிருமி சாஸ்திரமும், வாய்நோய்களும் போதித்தார்கள். பொம்மைத் தலைகளில் பொருத்திய பற்களின்மேல் கருவி பிடித்துக் கை பழகிய பிறகே மனித வாய்களுக்கு அவர்கள் அனுமதிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு 27 பேர் தேறினர்.

தேறியவர்களுக்குப் போன்ஸ் முக்கியமாக வகுத்திருந்த இடம் பணக்காரர்களின் நாற்காலியோரம் அன்று, நகரத்து ஆரம்பப் பள்ளிக்கூடம். தொழிலாளர் குழந்தைகளின் பற்களை அங்கேயே சுத்தம் செய்வதும், ஒவ்வொரு பல்லின் நிலையையும் அட்டையில் குறிப்பதும், வகுப்பு முழுவதையும் நிற்கவைத்துத் தேகப்பயிற்சி போலப் பிரஷ் பிடிக்கப் பழக்குவதும், படங்காட்டிப் பெற்றோருக்கு உபந்நியாசம் செய்வதும் அவர்கள் கடமை. இந்த உத்தியோகத்தின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் உயர்வாகத் தோன்றும் அத்தியாயம் இதுதான். கூலிக்குச் செய்யும் கைவேலையும் ஊருக்குச் செய்யும் போதனையும் ஒரே மனுஷியின் பொறுப்பாக இருந்தன.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. ஓஹாயோவில் ஒரு பல்வைத்தியக் கல்லூரி 1910-இல் துவக்கிய இதைப்போன்ற பாடத்திட்டம், அம்மாகாணப் பல்வைத்தியர்களின் ஆட்சேபத்தால் 1914-இல் நின்றுபோயிற்று. அத்தகைய ஆட்சேபத்துக்குச் சமாதானம் சொல்வதுபோல, 1915-இல் கனெக்டிகட் சட்டம் ஹைஜீனிஸ்டின் கருவி எதுவரை செல்லலாம் என்று எல்லை வரைந்தது: வெளியே தெரியும் பல்லின் பரப்பு, அதற்கப்பால் ஈறின் விளிம்புக்குச் சற்றே கீழ், அதுவும் பல்வைத்தியரின் மேற்பார்வையில். நிலத்துக்கு எல்லைக்கல் நடுவதைப் பார்த்திருக்கிறோம். மில்லிமீட்டரில் அளக்கவேண்டிய எல்லையைச் சட்டசபை விவாதித்தது அபூர்வம்தான். 1917-இல் ஐரீன் நியூமன் உலகின் முதல் ஹைஜீனிஸ்ட் லைசென்ஸைப் பெற்றார்.

அந்த எல்லை பிறகு நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அமெரிக்காவில் இன்று இந்தப் படிப்பில் சேர்பவர் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகள் பயின்று, தேசியத் தேர்வும் எழுதி, மாகாண லைசென்ஸும் பெறவேண்டும். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே நுண்ணிய அளவுகோலைச் செலுத்தி, மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றால் பொதுவாக ஆரோக்கியம், மேற்போனால் கவனம் தேவை என்று ஒவ்வொரு பல்லாகக் குறித்துக்கொள்கிறார், எக்ஸ்ரே எடுக்கிறார், வேரைப் பற்றிய காரையைக் கைக்கருவியாலும் அல்ட்ராசானிக் அதிர்வாலும் நீக்குகிறார், குழந்தைகளுக்கு ஃபுளோரைடு பூசுகிறார். கழுத்தும் மணிக்கட்டும் நோவது இத்தொழிலின் நித்திய வரி. மரத்துப்போகும் ஊசியைத் தாமே போடும் உரிமையை 1971-இல் வாஷிங்டன் மாகாணம் முதலில் அளித்தது.

நம் தேசத்திலோ 1948-ஆம் ஆண்டின் பல்வைத்தியர் சட்டமே ஹைஜீனிஸ்டுக்கென்று தனிப் பதிவேடு வகுத்து, பல்லைச் சுரண்டவும், சுத்தம் செய்யவும், மெருகேற்றவும், பற்சுகாதாரம் போதிக்கவும் அவருக்கு இடமளித்துவிட்டது. ஆயினும் நம் ஊர்க் கிளினிக்குகளில் ஸ்கேலிங்குக்குப் போகிறவர் பெரும்பாலும் பி.டி.எஸ். படித்த டாக்டரின் கையையே காண்கிறார். புதிய டாக்டர்கள் குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கும்வரை, எந்தக் கிளினிக் முதலாளியும் அந்தப் பதிவேட்டைப் புரட்டமாட்டார்.