ஆட்டுக்கொட்டகையில் நடந்த கடல் வகுப்பு



போன வாரம் என் தங்கை பேத்தி மண்டபத்திலிருந்து ஊர் திரும்பினாள். கடல் உயிரியல் எம்.எஸ்சி. படிக்கிறாள், பல்கலைக்கழகத்தில் பத்து நாள் களப்பயிற்சிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பையிலிருந்து வந்த கவிச்சியில் அவள் அம்மா அதை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டாள். "எனக்கு என்னம்மா கொண்டு வந்தே?" என்று கேட்டேன். "பவளமெல்லாம் எடுக்கக் கூடாது தாத்தா, சட்டப்படி குற்றம்" என்று சொல்லிவிட்டு, உப்புத் தண்ணீரில் நனைந்து உப்பிப்போன ஒரு நோட்டை நீட்டினாள். பக்கம் பக்கமாக நண்டு, கடற்பாசி, கடல் அட்டை. எல்லாம் பென்சிலில், பார்த்து வரைந்தவை.

அதைப் புரட்டும்போது எனக்குப் பெனிகீஸ் தீவு ஞாபகம் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு படித்த வரலாறு. இதில் வருபவர்களில் பெரும்பாலோர் வாத்தியார்கள் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையை ஒட்டிய சிறு தீவு அது. 1873இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயி அகாசி, பள்ளி ஆசிரியர்களுக்குக் கடலோரத்திலேயே கோடைக்காலப் பாடம் நடத்த ஆசைப்பட்டார். ஜான் ஆண்டர்சன் என்ற நியூயார்க் புகையிலை வியாபாரி அந்தத் தீவையும் 50,000 டாலரையும் கொடுத்தார். ஜூலை 8ஆம் தேதி சுமார் ஐம்பது பேர் வந்து இறங்கினார்கள். பெண்களும் இருந்தார்கள், அந்தக் காலத்தில் அது சாதாரணமில்லை. கட்டடம்தான் தயாராகவில்லை! ஆடு அடைத்திருந்த கொட்டகையைக் காலி செய்து, தரை போட்டு, சாப்பாடும் பாடமும் அங்கேயே நடந்தன. உத்தரத்தில் கூடு கட்டியிருந்த குருவிகளை யாரும் விரட்டவில்லை; அவர் பேசப் பேச அவை தலைக்கு மேலே வந்து போய்க்கொண்டிருந்தன. புத்தகத்தைப் படிக்காதே, இயற்கையைப் படி என்பதுதான் அவர் கொள்கை. ஹார்வர்டில் ஒரு மாணவனிடம் ஒரு மீனைக் கொடுத்து மூன்று நாள் அதையே பார்க்க வைத்தவர் அவர். நாமாக இருந்தால் அதற்குள் மூன்று பாடம் முடித்திருப்போம்.

அகாசியைத் தெய்வமாக்கவும் எனக்கு மனமில்லை. டார்வினின் பரிணாமக் கொள்கையை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. மனித இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை என்று எழுதினார். கறுப்பின மக்களைத் தாழ்வாகப் பேசினார். ஆனால் அவரிடம் பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள், பார்த்துப் பார்த்தே பரிணாமத்தின் பக்கம் போய்விட்டார்கள்.

கோடை முடிந்து எல்லாரும் வீடு திரும்பினார்கள். அந்த டிசம்பர் 14ஆம் தேதி அகாசி இறந்துபோனார். அவர் மகன் அலெக்சாண்டர் 1874இல் இன்னொரு கோடை நடத்திப் பார்த்தார். பிறகு பள்ளி மூடப்பட்டது. பின்னாளில், 1905 முதல் 1921 வரை, அந்தத் தீவில் தொழுநோயாளிகளை வைத்திருந்தார்கள்.

அப்படியானால் எல்லாம் வீணா? வீடு திரும்பியவர்களைப் பாருங்கள். பாஸ்டன் பள்ளி ஆசிரியர் சார்லஸ் விட்மன், 1888இல் அதே வட்டாரத்தில் உள்ள உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். இன்றைக்கும் கோடைதோறும் அங்கே மாணவர்கள் போகிறார்கள். வில்லியம் புரூக்ஸ் 1878இல் செசபீக் விரிகுடாவில் ஓர் ஆய்வகம் தொடங்கினார். அவருடைய மாணவர் தாமஸ் மார்கன் 1933இல் நோபல் பரிசு வாங்கினார். 22 வயதில் அங்கே போன டேவிட் ஸ்டார் ஜோர்டன், திரும்பிப்போய்ப் பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தி, பிற்பாடு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் ஆனார். அவர் காலத்தில், 1892இல், பசிபிக் கரையிலும் ஒரு கடல் ஆய்வகம் வந்தது. (தீவில் அறிமுகமான சூசன் போவெனையே அவர் கல்யாணமும் செய்துகொண்டார்!)

எனக்குப் பிடித்தவர் கொர்னீலியா கிளாப். மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடத்தின் ஆசிரியை. 1874இல் தீவுக்குப் போய்விட்டுத் தன் பழைய வகுப்பறைக்கே திரும்பினார். ஆனால் பாடம் பழைய மாதிரி இல்லை. உயிர்களையே மாணவிகள் முன்னால் வைத்தார். உட்ஸ் ஹோலின் முதல் கோடைக்கும் போய், 1896இல் முனைவர் பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு 47 வயது.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்த புதிதில், எனக்கும் ஐந்து நாள் கோடைப் பயிற்சி கடற்கரையில் கிடைத்தது. தட்டில் மல்லாந்து கிடந்த ஒரு நட்சத்திர மீன், கையை மெல்ல வளைத்துத் தரையைப் பற்றித் தானே புரண்டு எழுந்ததை மூச்சுவிடாமல் பார்த்தேன். வீட்டுக்கு வந்தேன். சான்றிதழைப் பீரோவில் வைத்தேன். ஜூன் மாதம் கரும்பலகையில் ஐந்து முனை வரைந்து, "பாகங்களைக் குறி" என்றேன். உங்களில் பலர் அதை நோட்டில் வரைந்து என்னிடம் 'நன்று' வாங்கியிருக்கிறீர்கள். பள்ளியிலிருந்து கடல் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அனுமதி, பஸ் செலவு, பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம், முடிக்க வேண்டிய பாடங்கள்... காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாள்கூடவா முடியாமல் போயிற்று?

இதைப் பேத்தியிடம் சொன்னேன். "இப்போ வாங்களேன் தாத்தா" என்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறோம். கடல் வற்றும் நேரத்தை அவள் பார்த்துச் சொல்வாள். பக்கத்தில் இருப்பவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். பழைய செருப்பு, தொப்பி, ஒரு நோட்டு, பென்சில் போதும். பாடம் அவள்தான் எடுப்பாள், நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்